மேடையில் கைகுலுக்க வைத்த காலை

அக்கா,

இன்று தாராபுரம் பேருந்தில் பக்கத்து சீட்டு அம்மா கைக்குட்டையில் நீலகிரித் தைலம் தெளித்தார். அவ்வளவுதான், மூன்று நிறுத்தம் வரை என்னால் தலைநிமிர முடியவில்லை. பஸ் ஏறினாலே உங்களுக்குத் தலை சுற்றும். ஆனாலும் எட்டு வருடம் அந்தத் தைலத்தை முகர்ந்துகொண்டே பள்ளி பள்ளியாக என்னோடு வந்தீர்கள், பிள்ளைகளிடம் அடிதடி வேண்டாம், கஞ்சா வேண்டாம் என்று சொல்வதற்கு.

நான் மைக்கைப் பிடித்தால் விடமாட்டேன். நீங்கள் அதைத் தொடவே மாட்டீர்கள். கூட்டம் கலைந்தபிறகு கடைசி பெஞ்சுக்குப் போய், வாத்தியார்களே பேசப் பயப்படுகிற முரடனிடம் "ஏனுங்க கண்ணு, சாப்ட்டீங்களா?" என்பீர்கள். இவனுக்கெல்லாம் எதற்கு 'ங்க' என்று கிண்டல் செய்திருக்கிறேன். "இவங்ககிட்ட ஊட்ல கூட யாரும் இப்படிப் பேசியிருக்க மாட்டாங்க அம்மணி" என்றீர்கள்.

அந்தப் பள்ளியில் நடந்ததை இப்போதாவது எழுதிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் இரண்டு கோஷ்டி, ஒரு மாதமாகப் பகை. நீங்கள் ஒவ்வொருவனாகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தீர்கள், இன்னும் இரண்டு வாரம் பொறு என்றீர்கள். எனக்கு எங்கே பொறுமை? மேலிடத்துக்கு அறிக்கையோடு அனுப்ப ஒரு போட்டோ வேண்டியிருந்தது. நீங்கள் லீவில் இருந்த திங்கட்கிழமை, காலை பிரேயரில் இரண்டு கோஷ்டிக்கும் தலைவனாக இருந்த பையன்களை மேடையேற்றிக் கைகுலுக்கச் சொன்னேன். ஒருவன் கையை நீட்டினான். மற்றவன் தயங்கினான். பள்ளிக்கூடமே அவனைப் பார்த்துச் சிரித்தது. பாவி, நானும் சிரித்தேன்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில், தயங்கியவன் மற்றவனைக் கல்லால் அடித்துவிட்டான். இடது கண் போய்விட்டது.

விசாரணையில், யார் சொல்லி இதைச் செய்தாய் என்று அதிகாரி என்னைக் கேட்டார். "நாந்தானுங்க செய்யச் சொன்னேன்" என்று பக்கத்திலிருந்து உங்கள் குரல் வந்தது. நான் மறுக்கவில்லை, அக்கா. உங்களை வேலையைவிட்டு அனுப்பினார்கள். வாசலில் என் கையைப் பிடித்து, ஒழுங்காகச் சாப்பிடு என்று மட்டும் சொன்னீர்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன்பிறகு, அடித்தவனை வைத்திருந்த சிறுவர் இல்லத்துக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் வாராவாரம் போய் இரண்டு பேரையும் பார்த்தீர்களாம். என்னையும் கூப்பிட்டீர்கள். வாரேன் வாரேன் என்றேனே தவிர, ஒருநாளும் வரவில்லை. நீங்கள் போய்விட்ட செய்தி கேட்டு உங்களைக் கடைசியாகப் பார்க்க வந்த அன்று உங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தது கண் போன அந்தப் பையன்தான். என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைத் துடைத்து, "உக்காருங்க மேடம்" என்றான். நான் உட்காராமலே திரும்பிவிட்டேன்.

இப்போது தனியாகத்தான் போகிறேன். மைக் பிடிப்பதில்லை. வகுப்பு முடிந்ததும் கடைசி பெஞ்சில் போய் உட்காருகிறேன். இன்று தலைமையாசிரியர், சண்டை போட்ட இரண்டு பையன்களை மேடையில் கைகுலுக்க வைத்து ஒரு போட்டோ எடுக்கலாமே என்றார். மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். ஆசிரியர்கள் எல்லோரும் இருந்த அறையில் ஒன்றுவிடாமல் சொன்னேன், செய்தது நான், பழியை ஏற்றது நீங்கள் என்று. உங்கள் பெயரையும் சொன்னேன்.

அங்கே ஒருவருக்கும் உங்களைத் தெரியவில்லை, அக்கா.