அயிரை என்று சொன்ன மீன்

இன்று காலை அயிரைக்காரி வாசலில் கூடையை இறக்கினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஈர மணல் வாசனை மூக்கில் ஏறியதும் கை தானாகச் சட்டியை நீட்டிவிட்டது. தேங்காய்ப் பால் பிழிந்து ஊற்றி மீன்களை அதில் விட்டேன். பாலைக் குடித்துக் குடித்து அவை வயிற்று மணலைக் கக்குகின்றன. அதைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். குழம்பு வைத்தால் சாப்பிட இந்த வீட்டில் என்னைத் தவிர ஆள் கிடையாது. உங்கள் அம்மா போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்களும் போய்விட்டார்கள். இனி யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் உங்களோடு பேசுகிறேன்.

கம்பத்துப் பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்கள் லீவு நாளில் சீட்டாடுவார்கள். நீங்கள் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுருளி ஆற்றில் கல்லைப் புரட்டப் போவீர்கள். சாயங்காலம் ஈரத்தோடு வந்து நிற்பீர்கள். கல்லில் இருப்பது, மணலில் இருப்பது, சேற்றில் இருப்பது என்று மூன்று தாம்பாளம் வைத்து நாம் இரண்டு பேரும் மீன்களைப் பிரிப்போம். ஒவ்வொன்றையும் நீங்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "பொண்ணு பாக்க வந்தப்பக்கூட என்னைய இம்புட்டு உத்துப் பாக்கலையே" என்று கேட்டிருக்கிறேன். அத்தை அரிசி புடைத்தபடியே சிரிப்பார்கள்.

"மீனுக்குப் பேரு என்னன்னு அப்புறம் கேளு. அதுக்கு வீடு எங்கனன்னு மொதல்ல கேளு" என்பீர்கள். அந்தப் பைத்தியம் உங்களுக்கு ஒரு சீமைப் புத்தகத்திலிருந்து பிடித்தது. குளிர் தேசங்களில் ஸ்கல்பின் என்று ஒரு மீன் கூட்டமாம். பெரிய தலை, விசிறி மாதிரி அகன்ற பக்கத் துடுப்பு, செதிலில்லாத தோல். வயிற்றில் காற்றுப்பை இல்லாததால் மிதக்கத் தெரியாமல் தரையோடு தரையாகக் கிடக்குமாம். கடலோரப் பாறைக் குட்டையில் ஒன்று, ஆழ்கடலில் ஒன்று, மலை ஓடையில் கல்லுக்கடியில் ஒன்று என்று குடும்பம் ஒன்றாகவும் வீடு வேறு வேறாகவும் பிழைக்கிறதாம். நம் ஊர் அருவிப் பாறையில் ஒட்டிக்கிடக்கும் மீன் அதற்குச் சொந்தமா என்று கேட்டேன். "சொந்தமில்ல. ஆனா பொழப்பு ஒண்ணு" என்றீர்கள். அந்தச் சீமை மீனில் ஆண்தான் முட்டைக்குக் காவல் என்றும், கல்லடியைவிட்டு நகராது என்றும் சொன்னீர்கள். அந்த மீனுக்கு இருந்த புத்தி உங்களுக்கு இல்லாமல் போயிற்றே!

நம் அருவி மீனைக் குமுளிப் பக்கத்துச் சனங்கள் கல்லொட்டி என்பார்கள். வயிறு தட்டை, வாய்க்குக் கீழே வட்டமாக ஒரு பிடி. இழுப்புத் தண்ணீரில் பாறையைக் கவ்விக்கொண்டு கிடக்கும். மணலுக்கு அது வராது, அயிரை அருவிப் பாறைக்கு ஏறாது. இதில் உங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. "வெள்ளம் வந்தா கல்லொட்டி பிடியை விட்டுக் கீழ வருமா, இல்ல அங்கனயே ஒட்டிக்கிட்டு இருக்குமா?" மலையில் மழை இறங்கியதும் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினீர்கள்.

அன்று காலை வருசநாட்டு மலைமேல் வானம் கறுத்திருந்தது. "இன்னைக்கு வேணாம்" என்றேன். "இன்னைக்குத்தான் வேணும்" என்றீர்கள். வெறும் குப்பியைக் கழுவி ஸ்பிரிட் ஊற்றி, தக்கையால் மூடி, துணி போட்டுக் கட்டிக் கொடுத்தது நான். உச்சிப்பொழுதில் சுருளியில் வெள்ளம் வந்தது. நீங்கள் வரவில்லை.

உங்கள் அண்ணனும் நானும் சுருளிப்பட்டியிலிருந்து ஆற்றோரமாகவே தேடிக்கொண்டு நடந்தோம். காலுக்கடியில் பாறை போய்க் கூழாங்கல் வந்தது, கூழாங்கல் போய் மணல் வந்தது. நீங்கள் பிரித்துவைத்த தாம்பாளங்களின் மேலேயே நடந்து உங்களைத் தேடினேன். நாணல் அசைந்தால் ஓடினேன், நாய் குரைத்தால் ஓடினேன். தொண்டை கட்டியபிறகும் கூப்பிட்டேன். போகிற வழியில் ஒருவர், "வாத்தியாரு மலைக்கு அந்தப் பக்கம் போகணும் போகணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாகளே, போயிட்டாகளோ என்னமோ" என்றார். அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என்னைப் பிடிக்காமல் ஓடிப்போயிருக்கட்டும், குமுளியில் ஒருத்தியோடு குடும்பம் நடத்தட்டும், எனக்குச் சம்மதம் என்று கௌமாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். எந்தப் பொம்பளையாவது இப்படி வேண்டுவாளா? நான் வேண்டினேன். வாய்விட்டே வேண்டினேன்.

வீரபாண்டி மணலில் உங்கள் பை கிடைத்தது. அதற்குள் குப்பி உடையாமல் இருந்தது. உங்கள் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தார். நான் கட்டிய துணி அவிழ்த்து மறுபடி கட்டப்பட்டு, அதன்மேல் நீங்கள் போடும் இரட்டை முடிச்சு இருந்தது. உள்ளே ஒரே ஒரு மீன், ஸ்பிரிட்டில் வெளுத்து விறைத்துக் கிடந்தது. தட்டை வயிறு. வாய்க்குக் கீழே வட்டம்.

காலையில் மீனில்லாமல் போன குப்பியில் கல்லொட்டி இருந்தால், நீங்கள் அருவிக்கு மேலே அந்தப் பாறையில் நின்றிருக்கிறீர்கள். வெள்ளம் வந்தபோது அங்கே நின்றவர்கள் யாரும் திரும்பியதில்லை. இது புரிந்தவள் அந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். "உருவம் செஞ்சு எரிச்சுக் காரியத்த முடிச்சிரலாம்" என்று உங்கள் அண்ணன் இழுத்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். "அது என்ன மீனுத்தா?" என்று கேட்டார்கள்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்?

"அயிரை அத்தை" என்றேன். "கீழ மணல்ல பிடிச்சிருக்காக. வெள்ளத்தைப் பாத்துட்டுப் பையைப் போட்டுட்டுக் கரையேறியிருப்பாக."

கரையேறிய மனுசன் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று ஊர் கேட்காமல் விடுமா? மலையாளத்துக்காரி பின்னால் போய்விட்டீர்கள் என்றது. கப்பலேறி ரங்கூன் போய்விட்டீர்கள் என்றது. என் காதுபடவே சிரித்தார்கள். செத்துப்போன புருசனை ஓடிப்போனவனாக்கி, தாலியும் பூவுமாக நான் கோயிலுக்குப் போய்வந்தேன். ராத்திரியில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். சண்டை வந்து ரங்கூனிலிருந்து சனங்கள் நடந்தே திரும்பியபோது, அத்தை தேனிக்குப் போய் ஒவ்வொருவரிடமும் உங்கள் அடையாளம் சொல்லி விசாரித்தார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். இல்லை என்று அவர்கள் தலையாட்டும் ஒவ்வொரு தடவையும், ஏற்கெனவே தெரிந்த எனக்கும் நெஞ்சு அறுந்தது.

போன மாதம் அத்தை படுக்கையில் விழுந்தார்கள். அயிரைக் குழம்பு வேண்டும் என்றார்கள். மீனைப் பாலில் விட்டுச் சட்டியைப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு மீனை விரலால் தொட்டார்கள்.

"அயிரை எப்படி உருண்டையா இருக்கு பாத்தியா. அந்தக் குப்பியில கெடக்குறதுக்கு வயித்துல பலகை வச்ச மாதிரியில்ல இருக்கு."

சட்டியைக் கீழே வைத்தேன். "அத்தை..." என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் தாம்பாளத்துல பிரிக்கையில நானுந்தான பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அத்தை பேசாம இருந்தீக? ரங்கூன்காரங்கள எல்லாம் ஏன் கேட்டீக?"

"நான் வாயத் தொறந்திருந்தா அன்னைக்கே உன் கழுத்துல கைய வச்சிருப்பாக. பூவையும் பொட்டையும் அழிச்சு மூலையில உக்கார வச்சிருப்பாக. நான் தேடிக்கிட்டே இருந்தாத்தான ஆத்தா, நீ இப்படியே இருக்க முடியும்?"

அவ்வளவுதான் பேசினார்கள். குழம்பில் ஒரு வாய்கூட இறங்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தை ஒரு நாள்கூட வாய்விட்டு அழாமல், எனக்காக அதை அடக்கிக்கொண்டே போய்விட்டார்கள். நான் அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தையின் காரியத்துக்கு வந்த உங்கள் அண்ணன், உங்களுக்கும் சேர்த்து ஏதாவது செய்துவிடலாமா என்று கேட்டார். மாடத்தில் குப்பி இருக்கிறது. ஸ்பிரிட் பாதிக்குமேல் வற்றிவிட்டது. எடுத்து அவர் கையில் கொடுத்து உண்மையைச் சொல்லிவிட வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

குமுளியிலிருந்து வரும் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் வாசலுக்குப் போகிறேன். தெரிந்துகொண்டே போகிறேன். வெள்ளம் வந்தால் கல்லொட்டி கீழே வருமா என்று நீங்கள் கேட்டீர்களே, பதில் சொல்லாமலே போனீர்களே, அந்தக் கேள்வி ஒன்றைத்தான் இத்தனை வருசமும் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். வரும் என்று சொல்லுங்கள். அது பிடியைவிட்டுக் கீழே மணலுக்கு வந்தது, நீங்கள் கரையோரம் நின்று அதைப் பிடித்தீர்கள், அந்தப் பாறைக்கு ஏறவே இல்லை என்று சொல்லுங்கள். மீன்களைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் சரி. மணலுக்கு வராது என்றீர்களே, இந்த ஒரு மீன் விசயத்தில் மட்டும் நீங்கள் தப்பாக இருக்கக்கூடாதா?