என் பெயருக்கு வந்த பாராளுமன்றம்

சேரன்மகாதேவி,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகன் எஸ்றாவுக்கு,

கர்த்தர் கிருபையில் அப்பாவும் நானும் நல்ல சுகம், கான்பெராக் குளிரில் நீயும் மருமகள் ஸ்டெபியும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன், காதை மூடிக்கொண்டு வெளியே போ. மணிமுத்தாற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். முருங்கை காய்த்துத் தொங்குகிறது, பறிக்கத்தான் ஆளில்லை, ஏனென்றால் உன் அப்பாவுக்கு இரண்டு நாளாகக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும்தான். தபால்தலைக் கண்காட்சியில் நமக்கு முதல் பரிசு, மகனே. போனில் சொன்னால் ம் ம் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

ரிட்டயர் ஆனதிலிருந்து அப்பா சேர்க்கிற ஸ்டாம்பெல்லாம் ஜனங்கள் ஓட்டுப்போட்டு ஆளுகிற நாடுகளின் பாராளுமன்றக் கட்டடங்கள்தான் என்று உனக்குத் தெரியும். டெல்லியில் பழையது, புதியது, லண்டனில் மணிக்கூண்டோடு இருப்பது என்று தாளுக்கு ஒன்றாகப் பதினாறு தாள் தயார் செய்தார். உங்கள் ஊர்ப் பழைய பாராளுமன்றத்துக்கு மட்டும் பெயரை அழகாக எழுதிவைத்து மேலே காலி. நீ போன வருஷம் அவர் பெயருக்கு அனுப்பிய கவரை, ஸ்டாம்பை உரித்தெடுக்க என் மாவுச்சட்டியில் ஊறவைத்தாரே, அது இந்தக் காலத்துப் பசை, தண்ணீருக்கு மசியவில்லை. வெந்நீர் ஊற்றி உரித்ததில் கூரை ஒரு பக்கம், தூண் ஒரு பக்கம் என்று வந்துவிட்டது. அப்புறம்தான் அவர் கண் என் கவர் மேல் விழுந்தது.

என் கவர் என்றுதான் சொல்வேன். முப்பத்து நாலு வருஷமாக இந்த வீட்டுக்கு வருகிற தபாலெல்லாம் உன் அப்பா ஞானையா அவர்களுக்குத்தான். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீ அதே ஸ்டாம்பை ஒட்டி, அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்துத் தபாலாபீஸில் கைமுத்திரை வாங்கி, உன் கையால் 'எலிசபெத்' என்று எழுதி அனுப்பினாய் பார், அது ஒன்றுதான் போஸ்ட்மேன் மகாராஜா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தது. அதைப்போய் ஸ்டாம்பைச் சுற்றி வெட்டித் தா என்றால் தருவேனா. கோயில் பாமாலைப் பாட்டுப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தேன். அவரும் கெஞ்சிப் பார்த்தார், காப்பி வேண்டாமென்று இரண்டு நாள் முறைத்தும் பார்த்தார், மூன்றாம் நாள் இரண்டு தம்ளராகக் குடித்தார்.

கண்காட்சியன்று காலையில் அந்தக் காலித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலை எனக்குத் தாங்கவில்லை. கவரை எடுத்துக் கொடுத்தேன், கத்தரிக்கோலை என் பையில் போட்டுக்கொண்டேன். முழுசாக வைத்தால் வையுங்கள், இல்லாவிட்டால் திருப்பித் தாருங்கள் என்றேன். பாளையங்கோட்டை போய்ச் சேருகிற வரை பஸ்ஸில் ஒரே முனகல், ஸ்டாம்புகளுக்கு நடுவில் முழுக் கவர் கல்யாணப் பந்தியில் கைலி கட்டி உட்கார்ந்தவன் மாதிரி இருக்கும் என்று.

நடுவராக வந்த சித்ரலேகா என்கிற அம்மா பதினைந்து தாளையும் நின்றபடியே பார்த்தார். என் கவர் வந்ததும் குனிந்து கண்ணாடியை மாட்டினார். "அண்ணாச்சி, கட்டடம் இருக்க ஊரும் முத்திரை விழுந்த ஊரும் ஒண்ணா இருக்கு. சேரமாதேவிக்கு வந்து சேர்ந்த முத்திரையும் பின்னால இருக்கு. நல்ல வேளை, வெட்டாம விட்டிய" என்றார். இந்த எலிசபெத் யார் என்று அந்த அம்மா கேட்டதும் அப்பா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "இவதான், கத்தரிய ஒளிச்சு வச்சவ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அத்தனை நாட்டுப் பாராளுமன்றத்துக்கும் நடுவில் என் பெயர் இருந்தது, மகனே, பள்ளிப் பிள்ளைகள் வாய்விட்டு வாசித்துக்கொண்டு போனார்கள்.

இனி அப்பா உன்னிடம் ஊர் ஊராகக் கட்டடம் கேட்பார், அனுப்பு. ஆனால் கவரில் என் பெயரை எழுது, வேண்டுமானால் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஸ்டெபியை வேளைக்குச் சாப்பிடச் சொல். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இந்தக் கவரைக் கிழித்துப் போட்டுவிடாதே, பின்பக்கம் திருப்பிப் பார். அனுப்புநர் என்ற இடத்தில் இத்தனை வருஷமும் தன் பெயரையே எழுதிய உன் அப்பா, இந்தத் தடவை பேனாவை என்னிடமிருந்து வாங்கி, அவர் கையாலேயே என் பெயரை எழுதியிருக்கிறார்.

உன் அம்மா,
எலிசபெத்