மேற்காவுகை

ஜூன் 3, செவ்வாய்
விடாத மழை. கொடகவெல பஸ் தாமதம். நனைந்த சப்பாத்தோடு முதல் பாடம்.

பத்தாம் தரம். வெப்பம் போகும் வழிகள்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். பின்வரிசை வாங்கிலிருந்து ஷாமினி: "சேர், மேற்காவுகைன்னா மேல உள்ள சாமிக்கு காவு குடுக்கிறதா?" வகுப்பே சிரித்தது. புத்தகம் எழுதியவர்களுக்குக் காவுதல் என்றால் சுமப்பது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காவு என்றால் ஆடு, அரிவாள், முனியாண்டி. நானும் சிரித்துவிட்டேன்.

தாச்சியில் மெல்லியதாக எண்ணெய், கேற்றுக்குப் பூசும் சில்வர் தூள், அடியில் அடுப்பு. எண்ணெயின் மேல் தேன்கூடு மாதிரி அறைகள் தெரிந்தன. சூடானது இலேசாகி எழும் என்கிறது புத்தகம். ஆனால் இவ்வளவு மெல்லிய எண்ணெயில் வேலை செய்வது மேற்பரப்பின் இழுவிசை. சூடான இடத்தில் பிடி தளரும். ஆறின இடம் அதை இழுத்துக்கொள்ளும். கீழிருந்து புதுச்சூடு ஏறும். பிள்ளைகள் மணியடித்தும் எழவில்லை.

வாங்க: சவர்க்காரம், செல்விக்கு மாங்காய். ஏழாம் மாதம், கால் வீக்கம்.

ஜூன் 4
இரத்தினபுரி ஆஸ்பத்திரி. இரவே செல்விக்கு வலி. விடியலில் ஒபரேசன். மகள். குறைமாதப் பிள்ளை. பிறந்ததுமே தொண்டையில் குழாய், கண்ணாடிப் பெட்டி.

டொக்டர் சொன்னது: நுரையீரலின் சின்னப் பைகளில் ஈரத்தின் இழுவிசை அதிகம். மூச்சு விட்டதும் ஒட்டிக்கொள்கின்றன. அதைக் குறைக்கும் மருந்து குழாய் வழியாக. விழுந்த இடத்தில் பிடி தளரும், மற்ற இடம் இழுக்கும், தானாகப் பரவும். நேற்று சூடு செய்ததை இங்கே மருந்து செய்ய வேண்டும். பரவாவிட்டால்? கேட்கவில்லை.

சிஸ்டர்: "பய வென்ட எபா, மாத்தயா." பயப்படாதே என்றால் போய்விடுமா? பயமாக இருக்கிறது.

செல்வியின் அண்ணன் குமார் வந்தார். "மாப்ள, முனியாண்டிக்கு ஒரு கடா நேர்ந்துக்குவோம்." சத்தம் போட்டேன். "ஆட்ட வெட்டுனா நொரையீரல் விரியுமா?" அவர் கடைக்குப் போனார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 5
மழை. மருந்து போதவில்லை. ஒட்சிசன் இறங்குகிறது. இன்னொரு தரம் கொடுக்கிறார்கள். பிழைப்பாளா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார் டொக்டர். செல்வியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

வாசலில் குமார். போய்ச் சொன்னேன்: "நேர்ந்துக்கங்க மச்சான்."
"நேத்தே நேர்ந்துட்டேன் மாப்ள."
கோபம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஜூன் 6
கொஞ்சம் பரவாயில்லை. அதற்கு மேல் எழுதப் பயம்.

ஜூன் 8, ஞாயிறு
வெயில். பிள்ளையின் குழாயை எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். தானாக மூச்சு விட்டால் சரி. இல்லாவிட்டால் திரும்பப் போடுவார்கள். செல்வியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தேன். கதவு சாத்தியிருந்தது. குமாரும் நின்றார்.

குழாய் இருக்கும்வரை சத்தம் வராது என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். நாங்கள் இருவருமே எங்கள் பிள்ளையின் குரலைக் கேட்டதில்லை.

உள்ளே ஏதோ பிள்ளை அழுதது. பூனைக்குட்டி அளவு சத்தம்.

"ஏங்க, யாரு புள்ள அது?" என்றாள் செல்வி.

சிஸ்டர் கதவைத் திறந்து சிங்களத்தில் சொன்னாள். செல்விக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். ஆனாலும் என் முகத்தையே பார்த்தாள்.

"நம்ம புள்ள" என்றேன்.