குளிர்ப்பை தேறிய விவரம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே மூவரும் சுகம். மூவர் என்றால் நான், உன் அம்மா, நீ அனுப்பிவைத்த பை. மூவரில் பை ஒன்றுதான் யார்மேலும் கோபமில்லாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன். போனில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறாரே என்று நீ சிரிக்கலாம். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்கிறாய். கடிதத்தை அப்படிக் கைமாற்றிவிட முடியாது, கடைசிவரை நீயேதான் படித்தாக வேண்டும்.

பேறுகாலத்துக்கு அம்மா வர வேண்டும், மூன்று மாதம் தங்க வேண்டும், அங்கே மருத்துவரைப் பார்க்கவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமென்பதால் அவளுடைய இன்சுலினும் கூடவே வர வேண்டும், நம் வாசலிலிருந்து உங்கள் வாசலுக்குப் பதினான்கு மணி நேரம், அதுவரை இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்காமல் எட்டுக்கு மேலே ஏறாமல் இந்தப் பை தாங்குமா என்று அப்பா பார்த்துச் சொல்லட்டும் என்று எழுதியிருந்தாய். பால்பண்ணையில் தரக்கட்டுப்பாட்டு வேலையில் இருபத்தாறு வருடமாக வெப்பமானியும் கையுமாக இருக்கிறவன் நான். நீ என்ன படிப்பது, எங்கே வேலைக்குப் போவது, யாரைக் கட்டிக்கொள்வது என்று எதிலும் என்னைக் கேட்டதில்லை. ஒரு பை விஷயத்திலாவது கேட்கத் தோன்றியதே என்று முழு மனதோடுதான் இறங்கினேன்.

முதலில் பையோடு வந்த தாளைப் படித்தேன். இருபத்துநான்கு மணி நேரம் குளிர் நிற்குமாம், ஒரு சொட்டு ஒழுகாதாம், இறகுபோல் லேசாம், இதைத் தோளில் மாட்டினால் வாழ்க்கையே உல்லாசப் பயணமாகிவிடுமாம். கூடவே ஒரு படம். புல்வெளியில் ஒரு குடும்பம் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருக்கிறது, யார் கண்ணிலும் வெயில் படவில்லை, யாரும் யாரிடமும் முகம் திருப்பிக்கொள்ளவில்லை, அதனாலேயே அது பொய்ப் படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு இணையத்தில் வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, இன்னும் பிரிக்கவில்லை, நிறம் அருமை என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் பார்சலைக் கொண்டுவந்தவர் தாமதமாக வந்தார் என்பதற்காகப் பைக்கு ஒரே நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். இப்படிப்பட்டவர்கள் தீர்ப்புச் சொல்லும் உலகத்தில்தான் எனக்குப் பதவி உயர்வு மூன்று முறை தட்டிப்போனது, அதனால் ஆச்சரியப்படவில்லை.

நானே சோதித்தேன். மருந்துப் புட்டி அளவில் ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் துணியில் சுற்றி, நான்கு ஐஸ் பேக்குக்கு நடுவே வைத்து, வெப்பமானியைச் செருகி ஜிப்பை மூடினேன். அரை மணிக்கொரு தடவை எடுத்துப் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் குறித்தேன். இரண்டுக்குக் கீழே இறங்கவில்லை, ஆனால் எட்டாவது மணியில் பதினொன்று. மறுநாள் மீண்டும், பத்தாவது மணியில் பன்னிரண்டு. ஒருநாள் விட்டு மூன்றாம் முறை, அதுவும் அப்படியே. மூன்று தாளையும் படம் பிடித்து, பை தேறவில்லை, அம்மாவின் பயணத்தை இப்போதைக்கு நிறுத்திவைப்பது நல்லது என்று உனக்கு அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு "அப்பா வேணும்னே பண்றார்ம்மா" என்று நீ அவளிடம் சொன்னது எனக்குத் தெரியும். போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவது அவள் பழக்கம்.

அதற்குப் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். ஆனால் ஒன்றை நானும் கவனித்தேன். உன் கடிதத்தில் அம்மா வரட்டும் என்றுதான் இருந்தது, அப்பாவும் என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்று வருடத்துக்கு முன் நான் அங்கே வந்தபோது உங்கள் குளிர்பெட்டியில் பதினொரு டிகிரி இருந்ததையும், பாலும் இறைச்சியும் இதில் வைக்கத் தகுதியில்லை என்று தேதி போட்டு எழுதிக் கதவில் ஒட்டியதையும், விருந்துக்கு வந்த மாப்பிள்ளையின் நண்பர்கள் அதை உரக்கப் படித்ததையும் நீங்கள் மறக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். பதினொன்று பதினொன்றுதான், இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். கதவில் ஒட்டாமல் உன் காதில் சொல்லியிருக்கலாம் என்று உன் அம்மா சொல்கிறாள். சொல்லியிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பால்பண்ணை ஊழியர்கள் எல்லோரும் குடும்பத்தோடு ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனோம். காலை ஆறு மணிக்குப் பேருந்து. நான் வரவில்லை என்றுதான் முதலில் சொன்னேன். எங்கள் மேலாளரை உனக்கு நினைவிருக்கும், பன்னிரண்டு வருடத்துக்கு முன் வேலையில் சேர்ந்த அன்று வெப்பமானியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றவர், நான்தான் நிமிர்த்திக் கொடுத்தேன், இப்போது எனக்கு விடுப்புத் தருகிற இடத்தில் இருக்கிறார். அவர் பேச்சைப் புல்வெளியில் உட்கார்ந்து கேட்பதற்கு எனக்கு என்ன தலையெழுத்து. ஆனால் உன் அம்மா கிளம்பிவிட்டாள். எனக்குத் தெரியாமல் முந்தின இரவே ஐஸ் பேக்குகளை உறையவைத்து, விடிந்ததும் அந்தத் தண்ணீர்ப் பாட்டிலையும் வெப்பமானியையும் பைக்குள் வைத்து மூடி, ஜிப்பின் இரண்டு காதையும் சேர்த்து நூலால் கட்டி முடிச்சுப் போட்டிருந்தாள். சாப்பாட்டைச் சாதாரணத் துணிப்பையில் எடுத்துக்கொண்டாள். பதினான்கு மணி நேரம் முடிந்து ராத்திரி எட்டு மணிக்குத்தான் இந்த முடிச்சு அவிழும், அதுவரை நீங்கள் இதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

மேலாளர் ஒரு பெரிய பிளாஸ்டிக் ஐஸ் பெட்டி கொண்டுவந்திருந்தார். தூக்க இரண்டு ஆள், இறக்க மூன்று ஆள், பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து என்று சொல்ல அவர். உள்ளே எல்லோருக்கும் ஐஸ்கிரீமும் பழச்சாறும். அவர் பேச ஆரம்பித்ததும் கூட்டத்துக்குத் தாகம் எடுத்துவிட்டது. ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பெட்டியைத் திறந்து, எட்டிப் பார்த்து, கையை விட்டுத் துழாவி, தனக்குப் பிடித்த நிறம் இல்லையென்று மூடி, மறுபடி யோசித்துத் திறந்தார்கள். பதினோரு மணிக்கு ஐஸ்கிரீமைக் கோப்பையில் ஊற்றிக் குடிக்க வேண்டியிருந்தது. மேலாளர் வெறுங்கையோடு எங்கள் பக்கம் வந்து, "அம்மா, உங்க பையில ஜில்லுன்னு ஏதாவது இருக்குமே" என்றார். உன் அம்மா பையை மடிக்கு இழுத்துக்கொண்டு, "இருக்கு சார். ஆனா அது பரீட்சை எழுதிட்டிருக்கு, எட்டு மணிக்குத்தான் வெளிய வரும்" என்றாள். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

அவர் போனதும் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பால் டேங்கர் ஓட்டுநரிடம் விளக்க ஆரம்பித்தேன். பெட்டியில் தப்பில்லை தம்பி, திறக்கிற கையில்தான் தப்பு, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே இருக்கிற குளிர் வழிந்து போய்ச் சூடான காற்று புகுந்துகொள்ளும், குளிர்அறைக் கதவில் தேவையின்றித் திறக்காதீர் என்று பலகை எழுதி மாட்டியதே நான்தான், இந்தச் சின்ன விஷயம் தெரியாதவரெல்லாம் மேலாளர் என்று நீளமாகப் பேசினேன். உன் அம்மா வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள், "இதத்தானே வீட்டுல அரை மணிக்கொரு தடவ நீங்க செஞ்சீங்க."

ஓட்டுநர் மரியாதை தெரிந்தவர், எழுந்து கைகழுவப் போய்விட்டார். இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு பிழையை வேறு யாராவது செய்திருந்தால் எழுத்தில் விளக்கம் கேட்டிருப்பேன்.

ராத்திரி எட்டு மணிக்குச் சமையலறை மேசையில் வைத்து அவளே முடிச்சை அவிழ்த்தாள். நான் தொடவில்லை. பகல் முழுக்க வெயிலில் கிடந்தும் ஏழு டிகிரி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன், ஏழுதான். ஆகவே முறைப்படி எழுதுகிறேன். பை தேறியது. தோள்வாரில் இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்திருக்கலாம், சட்டைக்கு மேலே மாட்டியும் அம்மாவின் தோளில் சிவந்த தடம் விழுந்துவிட்டது. ஜிப் புதிதாக இருப்பதால் முரண்டு பிடிக்கிறது, மெழுகு தேய்த்தேன், இப்போது ஓடுகிறது. பக்கத்துப் பையில் ஒரு சீப்புக்கூட நிற்காது, எதற்கு வைத்தார்களோ. ஒழுகவில்லை, தலைகீழாகவே வைத்துப் பார்த்தேன். இறகுபோல் லேசு என்பது பொய், ஆனால் உன் அம்மா தூக்குவாள். இருபத்துநான்கு மணி நேரம் என்பதைப் பற்றி எனக்குத் தெரியாது, நமக்கு வேண்டியது பதினான்கு.

வேண்டுமென்றே செய்கிறேன் என்று நீ அம்மாவிடம் சொன்னதற்குப் பதில். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் பை மூன்று முறை தோற்றபோதும் எனக்கு வருத்தமாக இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று நானே போய் அவளுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். நீ கேட்ட தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே வருகிறாள், பிள்ளைகள் நாள் பார்த்தா பிறக்கின்றன. நான் வரவில்லை. இங்கே கோடையில் பால் சீக்கிரம் கெடும், மேலாளரை நம்பி விட்டுவிட்டு வர முடியாது. மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். குளிர்பெட்டியைப் பற்றி விசாரிக்கவில்லை, அவரைத்தான்.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையும் நீயும் நீண்டநாள் நிறைவாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசி உங்கள் மூவருக்கும் எப்போதும் உண்டு, மூவரில் மாப்பிள்ளையும் சேர்த்தி.

மறக்கக் கூடாத ஒன்று. மருந்து கெடாமல் வந்து சேரும், அந்தக் கவலை தீர்ந்தது. சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும் என்று மருத்துவர் கொடுத்த தாளில் போட்டிருக்கும், உன் அம்மாவுக்கு அதெல்லாம் வராது. அவளுக்கு வருவது வேறு, அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் சரி என்பாள். நான் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிறவள் திடீரென்று சரிங்க என்பாள், இன்னொன்று சொன்னால் அதற்கும் சரிங்க என்பாள். இரண்டாவது சரி காதில் விழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட வேண்டும், காரணம் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. மாப்பிள்ளையிடமும் சொல்லிவை, மாமியார் தன் பேச்சுக்குத் தலையாட்டுகிறார் என்று அவர் மகிழ்ந்துவிடப் போகிறார். தினமும் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று ஏதாவது சொல்லி அவளைச் சீண்டிப் பாருங்கள். எனக்குப் பெரிதாக எதுவும் எழுத வேண்டாம். இன்றைக்கும் அம்மா எதிர்த்துப் பேசினாள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா