சம்பந்தி அனுப்பிய ஐந்து புட்டிகள்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1934 மார்ச் 11

சிரஞ்சீவி தங்கமணிக்கும் மருமகள் மதலேனுக்கும் அப்பாவின் ஆசிகள். மாரியாத்தா புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் வலி மட்டும் மழைக்கு வந்து வெயிலுக்குப் போகிறது. அந்தக் குளிர் தேசத்தில் நீங்கள் இருவரும் சௌக்கியம் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி பார்த்தால் போதும், அன்றைக்குச் சோறு இறங்கும்.

உன் மாமனார் போர்தோவிலிருந்து அனுப்பிய மரப்பெட்டி போர்ட் சுவெட்டன்காமில் இறங்கி ரயிலேறி உடையாமல் வந்து சேர்ந்தது. வைக்கோலுக்குள் ஐந்து ஒயின் புட்டிகள், கூடவே பிரெஞ்சில் ஒரு காகிதம். ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவனுக்கு இங்கிலீஷ் தெரியும், பிரெஞ்சுக்கு எங்கே போவேன், மாதாகோயில் பிரெஞ்சுச் சாமியாரிடம் கொண்டுபோனேன். தலை கறுப்பாயிருந்த காலத்தில் இங்கே வந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுகிறார். 'கல்யாணத்துக்குச் சம்பந்தி வர முடியல, அதனால விருந்தை அவருக்கு அனுப்பறேன்னு எழுதியிருக்காரு கிராணி, ஒவ்வொண்ணும் எப்படின்னு நீங்க சொல்லணுமாம்' என்றார். உன் கல்யாணத்தைப் போட்டோவில் பார்த்தவன் நான். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்தான், ஆனாலும் இலை போட்டபின் எழுந்து போவது மரியாதை இல்லை. தக்கை திருகும் கம்பியைச் சாமியாரிடமே இரவல் வாங்கிவந்து, ஞாயிறுதோறும் மத்தியானத்தில் ஒவ்வொரு புட்டியாகத் திறந்தேன். நான் சொல்வதைச் சம்பந்தியிடம் கூட்டாமல் குறைக்காமல் சொல்.

அவர் ஊர்ச் சிவப்பு ஒயின் முதல் வாயில் பிடிக்கவில்லை, கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல் நாக்கை இழுத்துவிட்டது. மூடி வைத்து மறுநாள் ஆட்டுக்கறிக் குழம்போடு குடித்தேன், அதே புட்டியா என்று சந்தேகம் வந்தது, நன்றாய்க் கனிந்த நாவல்பழ வாசனை. ஜெர்மனி வெள்ளையைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை, விளக்குத்தான் கசிகிறதென்று எழுந்துபோய்ப் பார்த்தேன், விளக்கில் ஒன்றுமில்லை. ஐஸ் வாங்கி வைத்துக் குடித்தபோது பம்ப்ளிமாஸ் சுளையின் புளிப்பு, இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு ஏற்றது. ஸ்பெயின் தேசத்து ஷெரி ஒயின் வறுத்த வேர்க்கடலையில் உப்புத் தூவினாற்போல் இருந்தது. எனக்குச் சமைத்துப் போடும் நல்லம்மாள் மோந்து பார்த்துவிட்டு, 'பிள்ளைபெத்தவளுக்குக் குடுக்கிற மருந்து மாதிரி இருக்கு, இதைப் போயி காசு குடுத்துக் குடிப்பாங்களா' என்றாள். அதையும் சம்பந்தியிடம் சொல்லலாம், கோபிக்கமாட்டார். மஞ்சள் நிறத்து இனிப்பு ஒயின் அன்னாசிப் பாகும் தேனும் கலந்ததுபோல் இருந்தது. உன் அம்மா இருந்திருந்தால் யாரும் பார்க்காதபோது இன்னொரு வாய் குடித்திருப்பாள். நான் ஒரு கிளாஸோடு எதிர் நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நன்றாயிருக்கிறது என்று சொல்லக்கூட ஒருவர் வேண்டியிருக்கிறது தங்கமணி, அது இப்போதுதான் தெரிகிறது.

அதனால் கடைசிப் புட்டிக்குச் சாமியாரைச் சாப்பிட அழைத்தேன். அது பிரான்சிலேயே பர்கண்டிச் சீமைச் சிவப்பு. புட்டியில் ஒட்டிய பெயரைப் படித்தவர் அப்படியே நின்றுவிட்டார். 'எங்க ஊரு மேட்டுக்கு அந்தப் பக்கம் காய்க்கிற திராட்சை கிராணி' என்றார். ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை, நெடுநேரம் மோந்துகொண்டிருந்தார். பிறகு தண்ணீர் கேட்டு ஒயினிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். சின்னப் பிள்ளையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் அம்மா அப்படித்தான் தண்ணீர் கலந்து கொடுப்பாராம். 'நான் கப்பலேறப் புறப்பட்ட அன்னிக்கு அம்மா வாசலுக்கு வரல, அடுப்படியிலேயே நின்னுட்டாங்க. எங்க சபையில கடல் தாண்டி வந்தவங்க திரும்பிப் போறதில்லைன்னு அவங்களுக்குத் தெரியும்' என்று சொல்லிவிட்டு அழுதார். அந்தத் தாய் இறந்த சேதி மூன்று மாதம் கழித்துத்தான் இங்கே வந்ததாம். நான் எழுந்துபோய் அவர் தோளில் கை வைத்தேன், வேறு என்ன செய்ய. எனக்கும் கொஞ்சம் தண்ணீர் கலந்து கொடுத்தார். மெல்லிய ஒயின், மழை பெய்த செம்மண் வாசனையும் ஏதோ சிறுபழத்தின் புளிப்பும். ருசியை இதற்குமேல் எழுதத் தெரியவில்லை, அந்த மத்தியானம் எனக்கு எல்லாமே உப்புக் கரித்தது.

மாமனார் ஆபீசில் வேலை நிலைத்துவிட்டது, இனி மலாயா வருவதற்கில்லை என்று நீ எழுதியதை நானும் நாலைந்து தரம் படித்துவிட்டேன். கோபமில்லை. பெண்டாட்டி ஊரிலே பிழைப்பு அமைந்தால் யார்தான் விட்டுவருவார்கள். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, சனிக்கிழமை எண்ணெய் வை, மருமகளுக்கு நம் ரசம் பிடித்ததா என்று எழுது. சம்பந்திக்கும் அம்மாளுக்கும் என் நமஸ்காரம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறக்காமல் செய். சாமியாரின் தங்கை அந்தப் பர்கண்டிக் கிராமத்தில்தான் இருக்கிறாராம், போன வருஷத்திலிருந்து கடிதம் இல்லை. விலாசத்தைச் சாமியார் கையாலேயே எழுதி வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். லீவு கிடைத்ததும் மருமகளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் போ. உயிரோடிருந்தால், உங்கள் அண்ணன் நன்றாயிருக்கிறார், எங்கள் வீட்டில் சாப்பிட்டார் என்று சொல். அவர்கள் போடுவதைச் சாப்பிட்டுவிட்டு, அவசரப்படாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வா. அந்த வீட்டுக்காவது ஒரு பிள்ளை போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அப்பா
நாகையா