மூடியைத் திறக்காமல் எட்டு மணி நேரம்

ஆடி 11, ஞாயிறு

காலையிலிருந்து மணல் வாரி அடிக்கும் காற்று. துணி காயப்போட முடியவில்லை.

இவரை மீன் தராசில் நிற்க வைத்தேன். 41 கிலோ. போன வாரம் 43. நாற்பதுக்குக் கீழே இறங்கினால் வாய்ப் புற்றுக்கு ரேடியேஷன் கரண்ட் வைப்பதை நிறுத்திவிடுவோம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புண் ஆறட்டும் என்று இடையில் விட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை மறுபடி போக வேண்டும். இன்னும் ஒன்பது தடவை பாக்கி. பாதியில் நிறுத்தினால் கட்டி மறுபடியும் வளருமாம். மாவாப் புகையிலை போட்ட வாய். எத்தனை சண்டை போட்டேன், கேட்டாரா பாவி மனுஷன்.

கஞ்சி வேண்டாம். முட்டை குமட்டுகிறது. போன மாதம் புண்ணில் முள் குத்தியதிலிருந்து மீன் என்றாலே பயம். கடலுக்குப் போன மனுஷன், மீனைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறார். கேட்பது ஆட்டுக்கறி ஒன்றுதான். பிரஷர் குக்கரில் வைத்தால் நார் நாராகிப் புண்ணில் சிக்குகிறது.

தங்கை கலா சென்னையில் வேலை செய்யும் வீட்டில் கொடுத்த, மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரைப் பரணிலிருந்து இறக்கினேன். தொடைக்கறி அரை கிலோ, ஒரே துண்டாக. இஞ்சி பூண்டு, சின்ன வெங்காயம், உப்பு, துளி மிளகு. மிளகாய் கிடையாது. அரை டம்ளர் தண்ணீர்.

9 மணிக்கு வைத்தது. 4 மணிக்கும் செருப்புத் தோல். இவர் ஒரு வாய் மென்று துப்பினார். ரத்தம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆடி 12, திங்கள்

இவருக்குக் காய்ச்சல். பால் அரை டம்ளர், அவ்வளவுதான்.

கலாவுக்கு போன் போட்டேன்.

"எத்தினி வாட்டி மூடிய தொறந்தக்கா?"

"அரமணிக்கு ஒரு வாட்டி. வெந்துச்சானு பாத்தேன்."

"அய்ய, அது இன்னா மீன் கொழம்பா, பத்து நிமிஷத்துல வேவ? தொறந்தா சூடு பூடும். எட்டு மணி நேரம் கைய கட்டினு ஒக்காரு."

பிறந்ததிலிருந்து மீன் சமைத்த கை. சும்மா இருக்கத் தெரியவில்லை.

ஆடி 13, செவ்வாய்

40.6.

சாயங்காலம் அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றும்வரை ஊரில் ஒரு வீட்டிலும் கவுச்சி சமைக்கக் கூடாது. கடலுக்கும் போகமாட்டார்கள். ஆஸ்பத்திரி, மாத்திரை என்று ஓடியதில் எனக்கு நாளே மறந்துபோயிருக்கிறது. அறிவுகெட்டவள். நேற்றே கறி வாங்கிச் சமைத்திருக்கலாம்.

இவர் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தார். பம்பை மேளச் சத்தம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் கரகம் எடுத்தவர். தெரிந்தால் உயிரே போனாலும் கறியைத் தொடமாட்டார்.

ஆடி 14, புதன்

40.2. காய்ச்சல் இல்லை.

பழவேற்காடு பஜார். கீரை 2 கட்டு, கற்பூரம், வாய் கொப்பளிக்கும் மருந்து. கீரைக்கு அடியில் கறி.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பக்கத்து வீட்டு பத்மாக்கா.

"இன்னா செல்வி, பையி கனமா கீது?"

"பூசணிக்காக்கா."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன அம்மன் பாத்துக்கும்டி. நான் வேண்டினுக்கீறேன்."

அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். நாளைக்கு அலையில் ஒன்று ஆனால் என் தலையில்தான் விடியும். தாயே, எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆடி 15, வியாழன்

காற்று இல்லை. புழுக்கம்.

விடிகாலை 5 மணிக்கு வைத்தேன். ஜன்னல் சாத்தி, கதவிடுக்கில் பழைய புடவை. மூடியைத் தொடவில்லை. வெங்காயம் உரித்தேன், பாய் உதறினேன், மாத்திரைகளை மூன்று தடவை எண்ணினேன்.

11 மணிக்கு வீடெல்லாம் வாசனை. கற்பூரம் ஏற்றியும் அடங்கவில்லை. கதவு தட்டும் சத்தம். பத்மாக்கா.

"இன்னாடி வாசன வருது?"

"ஒன்னுமில்லக்கா."

மூக்கை உறிஞ்சினாள். என் முகத்தையே பார்த்தாள். "எம் புள்ளைங்க திங்கக்கெழம கடலுக்குப் போவுதுங்கடி" என்றாள். போய்விட்டாள். புடவையை மறுபடியும் கதவிடுக்கில் திணித்தேன்.

1 மணி. திறந்தேன். கரண்டி பட்டதும் கறி பிரிந்து விழுந்தது. சாற்றில் பிசைந்து, விரல் நுனி அளவு எடுத்து ஊட்டினேன். வாய் இரண்டு விரல் அகலம்தான் திறக்கும். மென்றார். விழுங்கினார்.

"நல்லாக்கீது."

இரண்டாவது. மூன்றாவது. பாதிக் கிண்ணம் காலி. எத்தனை நாளாயிற்று இப்படிப் பார்த்து.

அப்போது கோயில் பக்கம் பம்பை. மென்ற வாய் நின்றது.

"காப்பு கட்டிட்டாங்களா?"

"இல்ல மாமா. நாளைக்குதான்."

அது காப்பு கட்டிய பிறகு அடிக்கும் அடி என்று அவருக்குத் தெரியாதா? கண்ணில் தண்ணீர் வழிந்தது. துப்பிவிடுவார் என்று கிண்ணத்தை வாய்க்குக் கீழே பிடித்தேன். என் கையோடு கிண்ணத்தை ஒதுக்கினார். பிறகு விழுங்கினார்.

"யாராச்சும் கேட்டா, நான்தான் ஆக்கச் சொன்னேன்னு சொல்லு" என்றார். "இன்னும் வை."