புகை மண்டபம்

அப்பா,

உங்கள் டேப் இன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் படிக்கட்டில் கிடந்தது. தொழிற்சாலைக்குப் போன காலமெல்லாம் உங்கள் சட்டைப் பையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்த அதே இரும்பு அளவு டேப். இழுத்தால் பாதியில் மக்கர் செய்யும். விட்டால் விரலைக் கடித்துவிட்டு உள்ளே ஓடும். உங்கள் பேத்தி அதை எப்போது என் அலமாரியிலிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை. அவள் கல்யாணத்துக்குத்தான் மண்டபம் பார்க்கிறோம். நீங்கள் போய் மூன்று வருடமாகிறது, ஆனால் டேப்பின் குணம் மாறவில்லை.

நம் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது, நினைவிருக்கிறதா? போட்டவள் நான். குட்டையாகிப்போன என் இடது காலைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. படியேறும்போது கை கொடுக்கக் கூடாது. எட்டாம் வகுப்பில், கை கொடுக்க வந்த அத்தையின் கையைக் கடித்தே விட்டேன். அதற்குப் பிறகு கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. நீங்களும்தான்.

என் கல்யாணத்துக்கு நீங்கள் மண்டபம் பார்த்த அழகை இன்று நினைத்துக்கொண்டேன். முதலில் காட்டூரில் ஒன்று. புத்தம் புதுசு. அம்மாவுக்குப் பிடித்தது, எனக்குப் பிடித்தது, கூட வந்த என் வருங்கால மாமனாருக்கு ரொம்பவே பிடித்தது. நீங்கள் மட்டும் டேப்பை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டு, வேலையில் இரும்புக் குழாயை ரிஜெக்ட் செய்கிற முகத்தோடு திரும்பி வந்தீர்கள்.

"ஊஞ்சல் கொக்கி சரியில்ல. லோடு தாங்காது."

"போன வாரம்தாங்க சார் ஒரு ஜோடி உக்காந்து ஆடினாங்க" என்றார் மானேஜர்.

"ஒல்லியா இருந்திருப்பாங்க."

அந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை நான்.

அடுத்த மண்டபத்தில் தெருநாய்கள் நாதஸ்வரத்தோடு போட்டி போடும் என்றீர்கள். மூன்றாவதில், சுவரின் பச்சை நிறம் மாப்பிள்ளைக்கு எடுக்காது என்றீர்கள். அதோடு என் மாமனாரின் பொறுமை தீர்ந்தது. "உங்களுக்குப் பொண்ணு குடுக்க இஷ்டமா, இல்லையா? நேரா சொல்லிடுங்க சம்பந்தி" என்று கேட்டே விட்டார். கல்யாணம் நின்றுவிடும் என்று அம்மா அழுதாள். நீங்கள் அசையவில்லை. காவிரிக்குப் போகிற வழியில், யாரும் சீந்தாத ஒரு பழைய மண்டபத்தைப் பிடித்துவிட்டுத்தான் ஓய்ந்தீர்கள்.

அங்கே மணமேடைக்குப் பின்னாலேயே பந்தி. பந்திக்குப் பின்னாலேயே விறகடுப்பு. சரியாக முகூர்த்த நேரத்தில் காற்று திரும்பியது. எங்கள் ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் இன்றும் மிரள்கிறார்கள்: நான் அழுகிறேன், மாப்பிள்ளை அழுகிறார், சாஸ்திரிகள் அழுகிறார், தவில்காரர்கூட அழுகிறார். இவ்வளவு உருக்கமான கல்யாணத்தைத் தான் எடுத்ததே இல்லை என்றார் வீடியோக்காரர். இருபது வருடத்துக்கு மேல் அதைப் புகை மண்டபம் என்று சொல்லிச் சொல்லி உங்களைக் கேலி செய்தேன். "சாப்பாடு சூடா இருந்துச்சா இல்லியா?" என்பதற்கு மேல் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உங்கள் பேத்தியும் போன வாரம் இரண்டு மண்டபங்களைத் தள்ளிவிட்டாள். ஒன்றில் விளக்கு வெளிச்சத்தில் தான் மஞ்சளாகத் தெரிகிறாளாம். இன்னொன்றின் பெயர்ப் பலகையில் எழுத்து கோணலாம். மாப்பிள்ளை வீட்டார் மணப்பாறைக்காரர்கள். பார்க்க வரும்போதெல்லாம் பை நிறைய முறுக்கு கொண்டுவருகிற நல்ல மனிதர்கள். ஆனால் இன்று முறுக்கு வரவில்லை. ஆனி முகூர்த்தத்துக்கு அவர்கள் தேடிப்பிடித்ததில் மிச்சமிருந்தது இந்த ஸ்ரீரங்கத்து மண்டபம் ஒன்றுதான். இதையும் வேண்டாம் என்றால் கல்யாணம் ஆவணிக்குப் போய்விடும். அதுவரை இவர்கள் நம்மோடு சிரித்துப் பேசுவார்களா என்பது சந்தேகம்.

எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவளைக் காணவில்லை. நான் தாங்கித் தாங்கிப் பின்பக்கம் போனேன். மாடியில் இருக்கிற பந்திக் கூடத்துக்கு ஏறும் படியில் குனிந்து, ஒரு படியின் உயரத்தை அளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டேப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"மேல தூண் ஜாஸ்தியா இருக்கும்மா. பரிமாறுறவங்க இடிச்சுப்பாங்க" என்றாள், உங்கள் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு.

காட்டூர் மண்டபத்தில் பந்தி மாடியில். நாய்கள் குரைத்த மண்டபத்தில் மாடியில். பச்சைச் சுவர் மண்டபத்திலும் மாடியில்தான். அந்தப் படியடியில் நின்றபடி ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்தேன். ஊஞ்சல் கொக்கி உயரத்தில் இருக்கிறது, அதை அளக்க நீங்கள் ஸ்டூல் கேட்கவே இல்லையே. நான் போட்ட சட்டத்தை மீற முடியாமல் எவ்வளவு பொய் சொல்லியிருக்கிறீர்கள் அப்பா! அதுவும் எவ்வளவு மட்டமான பொய்கள்.

முன்னால் வந்தோம். "நீங்க சொல்லுங்க சம்பந்தி, முடிச்சிடலாமா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. இவள் தூண் கதையை ஆரம்பிக்க வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"எனக்குக் கால் சரியில்லீங்க. இந்தப் படி ஏறி எறங்க முடியாது. பந்தி கீழ இருக்கற எடமா பாப்போமே."

நாற்பது வருடத்தில் முதல் முறை. மண்டபம் இடிந்து விழவில்லை. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பாடா. எனக்கும் முட்டி வலிங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாமளே எப்படிச் சொல்றதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

இவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு டேப்பைத் தேடப் போனாள்.

அங்கிருந்து நேராகப் புகை மண்டபத்துக்குப் போனோம். பழசு என்பதால் யாருக்கும் கேட்டுப் பார்க்கத் தோன்றாத அந்த மண்டபம், அந்த முகூர்த்தத்துக்குக் காலியாகவே இருந்தது. பந்தி இன்னும் கீழேதான். வாசலில் மூன்று படி. இவள் முன்னால் ஏறிக் கை நீட்டினாள். கடிக்காமல் பிடித்துக்கொண்டேன்.

பெயர் எழுதிக்கொண்ட மானேஜர் பெருமையாகச் சொன்னார், இப்போதெல்லாம் கேஸ் அடுப்புதானாம், பொட்டுப் புகை வராதாம். உங்கள் டேப் என் கைப்பையில் கனத்துக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை அழுகைக்கு நாங்களேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், அப்பா.